காற்றும் கதிரும் கம்பியும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மின்சாரத்தைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்துள்ளனர். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி இரயில்வேயில் கணக்கெழுதும் எமக்கு இது சற்று மிகையான பணியே. ஆயினும், 2012 ஜூலை 31 பிற்பகலை இக்காலனியார் மறந்திரார். வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் மூன்றும் ஒருங்கே வீழ்ந்தன. வண்டிகள் நடுவழியில் நின்றன. கைக்குழந்தையோடு தவித்த தாய்மார்கள், “வண்டி எப்போது வரும்?” என்றபோது எம்மிடம் விடையில்லை.

அன்றைய குற்றம் காற்றினதோ கதிரவனதோ அன்று. சில தடங்களின் மீது அளவுக்கு மீறிய பளு ஏறியதே காரணம். ஆனால் அன்று கற்ற பாடம் இன்றைக்கும் வேண்டுவது. நம் நாட்டு மின்னோட்டம் வினாடிக்கு 50 முறை அலைகின்றது. உண்டாகும் மின்சாரமும் செலவாகும் மின்சாரமும் கணந்தோறும் ஒத்திருந்தாலன்றி அந்த 50 நிலைக்காது. கதிரவனோ உச்சிவேளையில் வாரி வழங்கி, நாம் விளக்கேற்றும் வேளையில் விடைபெறுகின்றான். ஆரல்வாய்மொழிக் காற்று மே முதல் செப்டம்பர் வரை பெருகிப் பின் தணிகின்றது. ஏற்றிச்செல்லத் தடம் போதாமல் காற்றாலைகளை நிறுத்திவைத்த காலமும் உண்டு. சரக்கிருந்தும் வேகன் இல்லாத கதை! 2013 டிசம்பர் 31 அன்று இராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் தென்னாட்டைப் பிற பகுதிகளோடு ஒரே அலைவில் இணைத்தது.

தடம் மட்டும் போதாது. விரைந்து கூடவும் குறையவும் வல்ல துணை வேண்டும். 2020 ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் விளக்கணைத்து அகல் ஏற்றினோமல்லவா? அப்போது நாட்டின் மின்தேவை ஏறக்குறைய 31,000 மெகாவாட் சரிந்து, உடனே மீண்டது. தொகுப்பு வீழாமல் தாங்கியதில் பெரும்பங்கு நீர்மின் நிலையங்களுடையது. மடையைத் திறந்து மூடுவதுபோல் அவற்றைச் சில நிமிடங்களில் ஏற்றி இறக்கலாம். நிலக்கரி உலை அவ்வளவு விரைவில் இணங்காது.

இம்மாநிலத்துப் புருலியா மாவட்டத்து அயோத்தியா மலையில் 900 மெகாவாட் நிலையம் ஒன்று உண்டு. மின்சாரம் மிகும்போது கீழ்த்தேக்கத்து நீரை மேலேற்றி, தட்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கின்றனர். ஏற்றச் செலவானதில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு திரும்புவதில்லை. அது கூலி என்று கொள்க.

நம் காலனியிலும் மேல்தொட்டி உண்டு. அதன் மோட்டாரை, கதிரவன் மறைந்து தேவை மிகும் மாலை ஏழு மணிக்கே ஓட்டுகின்றோம். நண்பகலில் ஓட்டலாமே என்றோம். பகலில் சுவிட்சுப் போட ஆளில்லை என்றனர். ஓய்வு நாட்களில் யாம் போடுகின்றோம். மற்ற நாட்களுக்கு யார் முன்வருவீர் என்று கேட்டு அமர்கின்றோம்.