விமான நிலையத்துல ஒரு கடை

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நம்ம தலைக்கு மேல போற விமானத்தைப் பத்திப் பேசப் போறேன். இவளுக்கு எதுக்கு இந்தப் பேச்சுன்னு சிரிக்காதீங்க.

ஓமலூர் பக்கம் கமலாபுரத்துல சேலம் விமான நிலையம் 1993-ல் திறந்தப்போ எனக்கு அஞ்சு வயசு. எங்க அம்மா ஊரு அதுக்குப் பக்கம்தான். அப்பா என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போய்க் காட்டினாராம். கொஞ்ச நாள்ல விமானம் நின்னு போச்சு. 2009-ல் மறுபடி வந்தது, 2011-ல் நின்னது. 2018 மார்ச்சுல உடான் திட்டத்துல சென்னைக்கு விட்டாங்க, 2021-ல் அதுவும் நின்னது. 2023 அக்டோபர்ல திரும்பவும் ஆரம்பிச்சாங்க. நடுவுல வருஷக்கணக்கா வேலிக்குள்ள ஓடுபாதை சும்மா கிடந்தது. எங்க ஊர் டவுன் பஸ்ஸும் அந்த விமானமும் ஒரே மாதிரி, வந்தா வரும்னு சொல்லிச் சிரிப்போம்.

அந்த ஓடுபாதை 1,800 மீட்டர் சொச்சம். எழுபது பேர் ஏறுற சின்ன விமானத்துக்கு அது போதும். பெரிய விமானம் இறங்கணும்னா நீட்டணும், நீட்டணும்னா நிலம் வேணும். 2018-ல் கமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி நாலு ஊர்லயும் சுமார் 570 ஏக்கர் எடுக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும் சனங்க எதிர்த்து நின்னது உங்களுக்கே தெரியும்.

எங்க அம்மாவோட ஒன்னேகால் ஏக்கர் காடும் அந்தப் பக்கம்தான். அம்மா ரெண்டு நாள் சோறு திங்கல. அப்பத்தான் பட்டாவை எடுத்துப் பார்த்தோம். தாத்தா பேர்ல இருந்தது. அப்பா அவருக்கு ஒரே பிள்ளை. அப்பா இறந்தும் ஆறு வருஷமாச்சு, யாரும் மாத்தல. முப்பது வருஷம் அந்தக் காட்டுல களை எடுத்த அம்மா பேரு ஒரு காகிதத்துலயும் இல்ல. நாளைக்கு நோட்டீசு வந்தா யார் பேருக்கு வரும்? பணம் வந்தா யார் கையெழுத்துக் கேப்பாங்க?

பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கும் பங்குன்னு தமிழ்நாட்டுல 1989-லயே சட்டம் வந்துடுச்சு. பத்தாவது படிச்ச எனக்கே அது தெரியாது. தம்பி நல்லவன், சண்டை இல்ல. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, கூட்டுப் பட்டாவுல மூணு பேர் பேரையும் சேர்த்தோம். எட்டு மாசம் அலைஞ்சோம்.

இப்ப கடை விஷயத்துக்கு வர்றேன். இந்திய விமான நிலைய ஆணையம் 'அவ்சர்'னு ஒரு திட்டம் வெச்சிருக்கு. சுய உதவிக் குழுக்கள் அவங்க பொருளை விமான நிலையத்துலயே விக்க இடம் தர்றாங்க. ஒரு குழுவுக்கு 15 நாள், அப்புறம் அடுத்த குழு. நம்மளும் கேப்போம்னு போன மாசம் நான் சொன்னப்ப ஒரு அக்கா எழுந்து, "காட்டைக் கேட்டு வர்ற இடத்துல போய் வடகம் விப்பியா, வெக்கமா இல்ல?"ன்னாங்க. அவங்க காடும் அங்கதான் இருக்கு. எனக்கு வாய் எழல.

ராத்திரி அம்மாகிட்டச் சொன்னேன். "காட்டைக் கேட்டு வந்தா நானும் வந்து ரோட்டுல உக்கார்றேன். அதுக்காக வடகத்தை வீட்டுலயே வெச்சுக்கிட்டா யாருக்கு நட்டம்?"னாங்க. அந்த அக்காவும் இன்னைக்கு முன் வரிசையில இருக்காங்க, அவங்க சம்மதம் இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

தீர்மானத்துல ரெண்டு எழுதணும்னு கேக்கறேன். நாலு ஊர்க் குழுக்காரங்களும் அடுத்த கூட்டத்துக்கு அவங்கவங்க வீட்டுப் பட்டா நகல் கொண்டு வரணும், யார் பேர்ல இருக்குன்னு உக்காந்து பார்ப்போம். இன்னொன்னு, கடைக்கு மனு. ஜவ்வரிசி வடகம், கடலை உருண்டை போதும். ஊறுகாய் வேண்டாம், எண்ணெய் வடிஞ்சா பையில வெச்சுட்டுப் போறவங்க வாங்க மாட்டாங்க. கால் கிலோ பாக்கெட், எடையும் தேதியும் உணவுப் பாதுகாப்பு எண்ணும் ஒட்டியிருக்கணும். அந்த எண் இல்லாத குழுக்கள் வர்ற புதன்கிழமைக்குள்ள என்கிட்டப் பேர் குடுங்க.