புள்ளியும் கூலியும்

(கோச்சடையில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கூலி என்பது இரண்டு. கையில் எண்ணிக் கொடுக்கிற ரூபாய் ஒன்று. அந்த ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிற அரிசியும் எண்ணெயும் மற்றொன்று. இரண்டாவதைத்தான் உண்மைக் கூலி என்கிறோம். முதலாளி பேசுவது எப்போதும் முதலாவதைப் பற்றியே!

ஒரு கணக்குப் போடுவோம். முன்பு கூலி 400 ரூபாய், விலைவாசிப் புள்ளி 100. இன்று கூலி 440, புள்ளி 120 என்று வையுங்கள். 440-ஐ 120-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 366 ரூபாய் 67 காசு. கையில் 40 ரூபாய் கூடியது. அடுப்படியில் 33 ரூபாய் குறைந்தது.

“கடைகளில் வியாபாரம் பெருகிவிட்டது, ஜனங்கள் செழிப்பாக இருக்கிறார்கள்” என்று எழுதுகிறார்கள். லிட்டர் 100 ரூபாய்க்கு 2 லிட்டர் எண்ணெய் வாங்கிய வீடு, விலை 150 ஆனதும் ஒன்றரை லிட்டரோடு நிறுத்திக்கொள்கிறது. கடைக்காரர் கல்லாவில் 200 போய் 225 விழுகிறது. வியாபாரம் ஏறியது உண்மைதான். தாளிப்பு குறைந்ததை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

சரி, அந்தப் புள்ளியைப் போடுவது யார்? மத்திய சர்க்காரின் லேபர் பீரோ. ஆலைத் தொழிலாளர் புள்ளிக்காக அது விலை சேகரிக்கும் ஊர்களில் நம் மதுரையும் ஒன்று. ஒரு குடும்பம் எதற்கு எவ்வளவு செலவிடுகிறது என்று ஒரு கூடை கட்டி, அந்தக் கூடையின் விலையைப் பார்க்கிறார்கள். சூட்சுமம் கூடையில் இருக்கிறது. 2001 வரிசையில் 100-க்கு 46.20 பங்கு உணவுக்கு. 2016 வரிசையில் 39.17. அரிசி, பருப்பு விலை எகிறும்போது புள்ளி முன்போல எகிறாது. சாப்பாட்டுக்கே பாதிக்கு மேல் போகிற வீட்டுக்கு அது நஷ்டம்.

வயல்வேலைத் தோழர்கள் கதை வேறு. அவர்களுடைய புள்ளிக்கு அடிப்படை ஆண்டு 1986-87. கூடையோ 1983-ல் எடுத்த கணக்கு. அதில் உணவு மட்டும் 69 பங்கு. நாற்பது வருஷம் அதே கூடை! பிள்ளையின் படிப்பு, ஆஸ்பத்திரி, பஸ், செல்போன் எல்லாம் வளர்ந்தன, கூடை வளரவில்லை. நூறு நாள் வேலைக் கூலியை இந்தப் புள்ளியை வைத்தே திருத்தினார்கள். தமிழ்நாட்டில் 2024-25-ல் 319 ரூபாய், 2025-26-ல் 336. 2025 ஜூன் மாதப் புள்ளியிலிருந்துதான் 2019-ஐ அடிப்படையாகக் கொண்ட புதுக் கூடை வந்தது.

புள்ளியில் தவறு நேருமா? நேர்ந்திருக்கிறது. பம்பாய்ப் புள்ளி குறைத்துக் காட்டுகிறது என்று அங்குள்ள தொழிலாளர்கள் 1963-ல் கிளர்ந்து எழுந்தார்கள், வேலைநிறுத்தமும் செய்தார்கள். மகாராஷ்டிர சர்க்கார் பேராசிரியர் லக்டாவாலா தலைமையில் கமிட்டி போட்டது. தொழிலாளர் சொன்னதே சரி என்றாயிற்று. இங்கே 1947-ல் வெங்கடராமய்யா தீர்ப்பு சென்னை மாகாண மில்களுக்குப் பஞ்சப்படியைப் புள்ளிக்கு 3 அணா என்று வைத்தது. அந்தக் கணக்கில் 5 புள்ளி மறைந்தால் மாதம் 15 அணா போயிற்று. அடிப்படைச் சம்பளமே 26 ரூபாயாக இருந்த காலம் அது.

இன்னொன்று. 2020 ஆகஸ்டில் அகில இந்தியப் புள்ளி 338, செப்டம்பரில் 118.1. விலை விழுந்துவிடவில்லை, தோழர்களே! அடிப்படை ஆண்டு 2001-லிருந்து 2016-க்கு மாறியது. புதுப் புள்ளியை 2.88-ஆல் பெருக்கினால் 340 வரும். பழைய புள்ளியில் எழுதிய ஒப்பந்தத்துக்குப் பெருக்கித்தான் பஞ்சப்படி கேட்க வேண்டும். குறைந்தபட்சக் கூலிக்கோ தமிழ்நாட்டில் சென்னை நகரப் புள்ளியே கணக்கு. மதுரைச் சந்தை விலை அதில் ஏறுவதில்லை.

ஆகவே அடுத்த ஒப்பந்தம் பேசுமுன் மூன்றைக் கேளுங்கள்: எந்த ஊர்ப் புள்ளி, எந்த அடிப்படை ஆண்டு, புள்ளிக்கு எத்தனை காசு. பழைய ஒப்பந்த நகல் வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.