அடுப்படியும் சமூகவியலும்



ஆணுக்கு இன்ன வேலை, பெண்ணுக்கு இன்ன வேலை என்ற பிரிவினை எப்படி வந்தது, ஏன் நீடிக்கிறது என்பதற்குச் சமூகவியலில் பல விளக்கங்கள் உண்டு. அவற்றை வரிசையாக ஒப்பிக்க நான் வரவில்லை. அதற்குப் பாடநூல்கள் இருக்கின்றன. ஒரு கோட்பாட்டை எடைபோட நான் கேட்பது ஒரே கேள்விதான்: வீட்டுவேலையை அது என்னவாகப் பார்க்கிறது?

அமெரிக்கச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸ், ராபர்ட் பேல்ஸுடன் சேர்ந்து 1955இல் வெளியிட்ட நூலில் குடும்பத்துக்கு இரு பொறுப்புகளை வகுத்தார். வெளியுலகோடு மல்லுக்கட்டிப் பொருளீட்டுவது கணவன் பொறுப்பு. வீட்டாரின் மனங்களைப் பேணி இணக்கத்தைக் காப்பது மனைவி பொறுப்பு. இப்படிப் பிரித்துக்கொள்வதால் குடும்பம் சீராக இயங்குகிறது என்றார். போருக்குப் பிந்தைய அமெரிக்க நடுத்தர வர்க்க வீடுதான் அவர் கண்முன் இருந்தது. அதே ஆண்டுகளில் அதே நாட்டில் கறுப்பினப் பெண்கள் ஏராளமானோர் பிறர் வீடுகளில் சமைத்தும் துவைத்தும் கூலி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அந்தச் சித்திரத்தில் இடமில்லை. பாத்திரம் துலக்குவதும் துணி துவைப்பதும் அன்பின் கணக்கில் போய்விட்டன. அந்த ஏற்பாட்டால் யாருக்கு ஆதாயம் என்ற கேள்வியை அவர் எழுப்பவே இல்லை.

அதை எழுப்பியவர் பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஆன் ஓக்லி. லண்டனில் சிறு குழந்தைகளோடு வாழ்ந்த 40 இளம் இல்லத்தரசிகளைச் சந்தித்து, 1974இல் வீட்டுவேலையைப் பற்றி ஒரு சமூகவியல் நூலை வெளியிட்டார். அன்று அது துணிச்சலான காரியம். ஆலைத் தொழிலாளியிடம் கேட்கும் கேள்விகளையே அந்தப் பெண்களிடமும் அவர் கேட்டார்: வேலை சலிப்பூட்டுகிறதா, துண்டுதுண்டாக இருக்கிறதா, நேரம் நெருக்குகிறதா? சலிப்பிலும் நெருக்கடியிலும் அவர்கள் ஆலைத் தொழிலாளிகளை விஞ்சி நின்றார்கள். வாரத்துக்குச் சராசரியாக 77 மணி நேரம் உழைத்தார்கள். தாய்மையின் புனிதம் பற்றிய பேச்சு எதுவும் இல்லாமல், வேலையை வேலை என்று எழுதிய அந்த நூலை இன்றும் மாணவர்கள் முதலில் படிக்க வேண்டும் என்பேன்.

பெண் வெளியே போய்ச் சம்பாதித்தால் இது மாறிவிடாதா? ஏங்கெல்ஸ் 1884இல் அப்படித்தான் நம்பினார். பெண்ணின் அடிமைத்தனத்தைத் தனிச்சொத்தோடு இணைத்துக் காட்டியது அவர் பெருமை. ஆனால் பெண்கள் பொது உற்பத்திக்குள் வந்தால் விடுதலை பிறக்கும் என்ற அவர் எதிர்பார்ப்பை அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1989இல் வெளியிட்ட ஆய்வு அசைத்தது. கணவன் மனைவி இருவருமே வேலைக்குப் போகும் வீடுகளில் அவர் மணிக்கணக்கில் உட்கார்ந்து கவனித்தார். ஒரு தம்பதி பல நாள் சண்டைக்குப் பிறகு ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தார்கள்: மாடி மனைவிக்கு, கீழ்த்தளம் கணவனுக்கு. மாடியில் சமையலறை, கூடம், படுக்கையறைகள், குளியலறைகள். கீழ்த்தளத்தில் கார் நிறுத்துமிடம்; கூடவே நாயைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. இது சரிபாதி என்று இருவரும் சொன்னார்கள், மனைவியும் அதை நம்பவே விரும்பினாள். மணவாழ்க்கை உடையாமலிருக்க அவள் கொடுத்த விலை அந்த நம்பிக்கை.

இந்த இடத்தில்தான் சமூகவியலாளர்கள் கேண்டஸ் வெஸ்ட்டும் டான் ஜிம்மர்மனும் 1987இல் எழுதிய கட்டுரை உதவுகிறது. ஆண்மையும் பெண்மையும் நமக்குள் இருக்கும் குணங்கள் அல்ல. அன்றாடம் பிறர் பார்க்கச் செய்து காட்டுபவை என்றார்கள். விருந்தினர் வந்ததும் மனைவி எழுந்து காபி போடப் போகிறாள், கணவன் உட்கார்ந்து பேசுகிறான். வீட்டுக்கு வீடு, நாளுக்கு நாள் அந்தப் பிரிவினை மறுபடி உறுதியாகிறது. நான் இதை ஏற்கிறேன். ஆனால் இதோடு நின்றுவிட்டால் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பது மறந்துபோகும்.

அதை மறக்காதவர் பெரியார். பெண்ணின் கற்பு பற்றிய பேச்சுகளுக்கு அடியில் சொத்து இருப்பதை அவர் விடாமல் சுட்டினார். 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. தமிழ்நாட்டில் மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம பங்கு தரும் சட்டத்திருத்தம் வர 1989 வரை 60 ஆண்டுகள் பிடித்தன. அப்போதும் அதற்கு முன் மணமான மகள்கள் விடுபட்டார்கள். மகளின் பங்கு இப்படி வந்தது, மனைவியின் பங்கு? கணவர் வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தில் வாங்கிய சொத்து பற்றிய வழக்கில், வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்தை உருவாக்கியது, அவருக்கும் சம பங்கு உண்டு என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது 2023 ஜூனில். அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று, மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. தொகை சிறிதுதான். ஆனாலும் அதற்கு உரிமை என்று பெயரிட்டதை நான் வரவேற்கிறேன்.

சட்டம் அசைந்தது; வீட்டில் ஆண்களின் கை அசைந்ததா என்றால், இல்லை. ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 2019இல் ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்ணுக்குக் குறைந்த பத்து நிமிடத்தை ஆண் ஏற்றுக்கொள்ளவில்லை. அவன் நேரமும் குறைந்திருக்கிறது.

மேலைக் கோட்பாடுகளில் கிடைக்காத ஒன்றை அம்பேத்கர் 1916இல், தம் 25ஆம் வயதில், கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் சொன்னார். சாதி என்பது அகமணம், அதாவது சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் முடிப்பது; அதைக் காக்கவே உடன்கட்டையும் கட்டாய விதவைக்கோலமும் குழந்தைமணமும் ஏற்பட்டன என்றார். பெண்ணைக் கட்டுப்படுத்தாமல் சாதி ஒரு தலைமுறைகூட நிற்காது என்பதே அதன் பொருள். நம் அடுப்படிக்கும் இது பொருந்தும். படித்து வேலைக்குப் போகும் நடுத்தர வீட்டுப் பெண்ணின் சுமை குறைந்தால், பெரும்பாலும் அது கணவனிடம் போகவில்லை. சாதியிலும் வர்க்கத்திலும் கீழே வைக்கப்பட்ட இன்னொரு பெண்ணிடம் குறைந்த கூலிக்குப் போயிருக்கிறது. வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கு நலவாரியம் நம் மாநிலத்தில் வந்ததே 2007இல்தான். இந்தப் பெண்ணைக் கணக்கில் எடுக்காத எந்தக் கோட்பாடும் இந்தியாவுக்குப் போதாது என்பது என் முடிவு.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். களத்துக்குப் போகும்போது, என்ன வேலை செய்கிறீர்கள் என்ற ஒற்றைக் கேள்வியோடு நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் முதலில் எழுந்தது யார், தண்ணீர் பிடித்தது யார், பெரியவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது யார் என்று கேளுங்கள். அதே கேள்விகளை அந்த வீட்டு ஆண்களிடமும் கேளுங்கள். வேலைக்குப் பெண் வரும் வீடானால் அவரையும் தேடிப்போய்ப் பாருங்கள். தம் வீட்டுச் சமையலை அவர் எப்போது முடிக்கிறார் என்பதையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.