ராத்திரியில் கரையும் மின்சாரம்



பெரம்பலூர்ப் பக்கம், கரண்ட் கம்பம் எட்டாத எங்கள் மக்காச்சோளக் கொல்லையில் நானே சோலார் மாட்டினேன். காவலுக்குப் படுக்கும் அப்பா, "ஏம்ப்பா, நீ இன்ஜினியர்தானே? விடியறதுக்குள்ள லைட்டு போயிடுதே" என்றார். பாம்பு நடமாடுகிற இடம். வெட்கமாகிவிட்டது.

அளந்து பார்த்தேன். சும்மா ஓடிய இன்வெர்ட்டரே 10 வாட் தின்றது. 12 மணி நேரத்தில் 120 வாட்-மணி. அதாவது 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பேட்டரியில் கால் பங்கு வீண்!

இன்வெர்ட்டருக்குப் போகும் பேட்டரி லைனில் ஒரு சுவிட்ச் வைத்தேன். விளக்குக்கும் செல்போன் சார்ஜருக்கும் ஃபியூஸோடு நேரடி 12 வோல்ட் இணைப்பு. சார்ஜ் கன்ட்ரோலரை மட்டும் பேட்டரியிலிருந்து பிரிக்கவில்லை, பிரிக்கவும் கூடாது.

அரியலூர் முந்திரித் தோப்பிலும் இதே கணக்குதான். பேனலைப் பெரிதாக்கும் முன் ராத்திரியில் ஒருதரம் மீட்டர் வைத்துப் பாருங்கள்.