நாவின் சாட்சி



கிறிஸ்தவனுடைய அன்றாடப் பேச்சைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுமாறு இச்சபையார் என்னைப் பணித்திருக்கிறார்கள். ஆலயத்துப் பிரசங்க பீடத்துக்குரிய விஷயத்தைப் பல சமயத்தாரும் கூடியிருக்கும் பொதுமேடைக்குக் கொண்டுவருவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் ஒருவனுடைய பக்தி மெய்யானதா என்று நிச்சயிப்பதற்கு, அவனோடு ஆராதனை செய்கிறவர்களைக் காட்டிலும் அவனோடு கொடுக்கல் வாங்கல் செய்கிறவர்களே தகுதியுடையவர்கள் என்பது என் துணிபு.

திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்கள் ஒருவரையொருவர் கண்டால் "தோத்திரம், ஐயா" என்பார்கள். நாளை வருவீர்களா என்று கேட்டால், "கர்த்தருக்குச் சித்தமானால் வருகிறேன்" என்பார்கள். நாளைய தினம் மனிதன் கையில் இல்லை என்று யாக்கோபின் நிருபம் கற்பித்த பணிவு, இவ்வாறு பாமரர் நாவிலும் பழகிப்போயிற்று. இவை அருமையான வழக்குகளே. ஆயினும், கடன் கொடுத்தவர் வாசலில் நின்று கூப்பிடுகையில், கூடத்தில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருக்கும் வீட்டுக்காரர், "அப்பா ஜெபத்தில் இருக்கிறார் என்று சொல்லடா" என்று பிள்ளையை அனுப்புவாரானால், காலையில் அவர் சொல்லிய தோத்திரங்களை எந்தக் கணக்கில் வரவு வைப்பது?

வேதாகமத்திலே இதற்கு ஒரு பெரிய திருஷ்டாந்தம் இருக்கிறது. இயேசுநாதர் பிடிபட்ட இரவில், பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்த பேதுருவை, அங்கே நின்றவர்கள் அவனுடைய கலிலேயப் பேச்சைக் கொண்டே அடையாளம் கண்டுகொண்டார்கள். அவனோ, அந்த மனிதனை அறியேன் என்று சபித்துச் சத்தியமும் பண்ணினான். அவனுடைய உச்சரிப்பு உண்மையைச் சொல்லிற்று. அவன் செய்த சத்தியமோ பொய்யைச் சொல்லிற்று. சமயத்தின் சாயல் நாவில் படிந்திருப்பது வேறு, சமயத்தின் சத்தியம் நாவில் குடியிருப்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாக யார் விளக்கக்கூடும்?

ஆணையிடவே வேண்டாம், உள்ளதை உள்ளது என்றும் இல்லதை இல்லது என்றும் சொன்னால் போதும் என்பது மலைப்பிரசங்கத்தின் போதனை. இதை எழுத்துக்கு எழுத்து அநுஷ்டித்தவர்கள், 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் பாக்ஸ் என்பவரைப் பின்பற்றிய குவேக்கர்கள். நீதிமன்றத்தில் பிரமாணம் செய்தால், மற்ற வேளைகளில் பொய் சொல்லலாம் என்று ஒப்புக்கொண்டதாகுமே என்பது அவர்கள் வாதம். பிரமாணம் செய்ய மறுப்பவர்களைத் தண்டிக்க 1662-இல் சட்டம் பிறந்தது. அநேகர் சிறை புகுந்தார்கள். 1696-இல்தான், ஆணையிடாமல் உறுதிமொழி மாத்திரம் கூறப் பாராளுமன்றம் அவர்களுக்கு அநுமதி அளித்தது. அவர்களுடைய கடைகளிலும் இதே விரதம் நடந்தது. பேரம் என்பது இருவர் மாறி மாறிப் பொய் சொல்வது என்று கருதி, ஒரே விலை சொல்லி, அதிலேயே நின்றார்கள். முதலில் வாடிக்கைக்காரர்கள் விலகினார்கள். பின்பு, சிறு பிள்ளையை அனுப்பினாலும் ஏமாற்றமாட்டார்கள் என்று கண்டு, அந்தக் கடைகளையே தேடி வந்தார்கள். "உங்களுக்காகத்தான் வாங்கின விலைக்கே கொடுக்கிறேன்" என்று பகலெல்லாம் சொல்லிவிட்டு, இரவில் குடும்ப ஜெபத்துக்கு மணியடிக்கும் நம் வணிகர்கள் இதைச் சற்றே சிந்திப்பார்களாக!

பக்தியைச் சொல்லில் காட்டிய முன்மாதிரிகளுக்கு நம் நாட்டிலும் குறைவில்லை. மாயூரத்தில் முன்சீபாக விளங்கிய வேதநாயகம் பிள்ளையவர்கள் கத்தோலிக்கர். அவர் மீது குளத்துக் கோவை என்னும் நூலைப் பாடியவரோ சைவப் பெரும்புலவராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளை, வழக்காடும் எளியவனும் படித்துணரும்படி தமிழிலே தந்தவர் அந்த முன்சீபு. 1878-இல் வெளிவந்த தம் சர்வ சமய சமரசக் கீர்த்தனையிலே, எச்சமயத்தாரும் கூசாமல் பாடத்தக்க சொற்களால் இறைவனைத் துதித்தார். தம் விசுவாசத்தை மறைக்கவுமில்லை, அதைக் கொண்டு பிறரைப் புண்படுத்தவுமில்லை. அயலானும் உரிமையோடு எடுத்தாளும் சொல்லே பக்தியின் கனிந்த சொல் என்று நான் கொள்கிறேன்.

இனி, சொல்லக் கசப்பானதாயினும் சொல்லியே தீரவேண்டியது ஒன்றுண்டு. ஓய்வுநாட் பள்ளியில் வசனங்களைப் பிழையின்றி ஒப்புவித்துப் பரிசு பெற்ற நம் வீட்டுச் சிறுவன், வரப்பில் நின்றுகொண்டு, தன் பாட்டனார் வயதுள்ள உழவரை, "ஏலே, இங்கே வா" என்று கூப்பிடுகிறான். தலையில் நெற்கட்டோடு, நரைத்த மீசையில் வியர்வை வழிய, அந்தப் பெரியவர், "இதோ வந்தேன், ஐயா" என்கிறார். எல்லாரும் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று அச்சிறுவன் படித்த பாடம் அந்த ஒரு விளியிலே அழிந்துபோகிறது. குவேக்கர்கள் நீதிபதியையும் ஏழையையும் ஒருமையிலேயே விளித்துச் சமத்துவத்தைக் காட்டினார்கள். நாம் அதைக் காட்டும் வழி, சேற்றில் நிற்பவரையும் "வாருங்கள்" என்று பன்மையில் அழைப்பதாம். இதற்குப் பணச்செலவில்லை, கல்வித் தகுதி வேண்டுவதில்லை. ஆயினும் நம்மில் பலருக்கு உபவாசத்தைக் காட்டிலும் இதுவே கடினமாக இருக்கிறது. ஏனெனில் உபவாசம் வயிற்றை மாத்திரம் தொடுகிறது. இது நம் குலப்பெருமையைத் தொடுகிறது.

ஆதலால், என் கிறிஸ்தவ சகோதரர்களை நான் வேண்டுவது பெரிய காரியமொன்றுமன்று. உங்கள் கடையில் ஒரே விலை சொல்லுங்கள். வீட்டிலிருந்துகொண்டே இல்லையென்று சொல்லப் பிள்ளைகளைப் பழக்காதீர்கள். உங்களிடம் கூலிக்கு வருகிறவரை, உங்கள் தகப்பனாரை அழைக்கும் மரியாதையோடு அழையுங்கள். இவற்றைச் செய்தபின் பிறருக்குச் சுவிசேஷம் சொல்லப் புறப்படுங்கள். அப்பொழுது கேட்பதற்கு ஆட்கள் இருப்பார்கள்.