கடை முகப்பில் அறப்பெட்டி
(ஆலயத் திருவிழாவினையொட்டி நடைபெற்ற சமூக நலக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



காசைப் போட்டால் பொருளைத் தரும் இயந்திரம் அண்மைக் காலத்து மேனாட்டுக் கண்டுபிடிப்பு எனப் பலரும் எண்ணுவர். வரலாறோ வேறு கூறுகின்றது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த ஏரோன் எனும் கிரேக்க அறிஞர், கோயிலுக்கு வருவோர்க்குப் புனித நீர் வழங்கும் கலம் ஒன்றனை விவரித்துள்ளார். ஐந்து திரக்மா நாணயத்தை அதன் வாயில் இட்டால் அது உள்ளிருக்கும் ஒரு தட்டின் மேல் விழும். அந்த எடையால் நெம்புகோல் சாயும். அடைப்பு திறந்து நீர் வழியும். நாணயம் தட்டினின்று சரிந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும். இவ்வகைக் கருவிகளுள் அறியப்பட்ட மிகப் பழையது இதுவே எனலாம். வழிபாட்டுத் தலத்தையும் காசையும் ஒன்றாய் எண்ணிப் பிறந்த பொறி, இன்று உணவகத்தின் மூலையிலும் முடிதிருத்தும் நிலையத்தின் வாயிலிலும் தொண்டு நிறுவனம் ஒன்றன் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இவ்வழக்கம் நெடுநாளாய் வேரூன்றியுள்ளது. கண்ணாடிக் குடுவை நிறைய மிட்டாய் கொண்ட சிறு பெட்டி; 25 காசு நாணயத்தை இட்டுத் திருகினால் ஒரு கைப்பிடி மிட்டாய் விழும். குடுவையின் மேல் புற்றுநோயாளர் நலன், காணாமற்போன குழந்தைகளைத் தேடுதல் போன்ற நோக்கத்துக்காகப் பாடுபடும் அமைப்பொன்றின் ஒட்டுப்படம் இருக்கும். அதனைக் காணும் கடைக்காரர், நற்காரியம் எனக் கருதி வாடகையின்றி இடம் தருவார். வாடிக்கையாளரும் மிட்டாய்க்காக அன்றி ஒட்டுப்படத்துக்காகவே காசிடுவார். ஆனால் அப்பெட்டி பெரும்பாலும் அந்த அமைப்புக்குச் சொந்தமானதன்று. அது தனியார் ஒருவரின் தொழில். அமைப்பின் பெயரைப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமைக்காக அவர் ஒரு பெட்டிக்கு மாதம் ஓரிரு டாலர் எனும் அளவில் நிலையான தொகையைச் செலுத்திவிடுவார். எஞ்சியதெல்லாம் அவருடையதே.

ஒரு கணக்கினைப் போட்டுப் பார்த்தல் நலம். இங்குள்ள கடையொன்றில் அத்தகைய பெட்டி மாதம் 150 வெள்ளிக்கு விற்பதாகக் கொள்வோம். மிட்டாய் வாங்க 50 வெள்ளி, நிரப்ப வந்துபோகும் செலவு 30 வெள்ளி, பழுதுக்கும் தேய்மானத்துக்கும் 20 வெள்ளி எனக் கழித்தால் மிஞ்சுவது 50 வெள்ளி. அதில் தொண்டு நிறுவனத்துக்கு 5 வெள்ளி. அதாவது, ஒரு வெள்ளி இட்டவரின் பணத்தில் ஆதரவற்ற குழந்தையைச் சென்றடைவது மூன்று காசுக்குச் சற்று மேல். கடையின் முகப்பில் இருக்கும் சாதாரண உண்டியலில் அதே வெள்ளியை இட்டிருந்தால் ஏறத்தாழ முழுவதும் சென்றிருக்கும்.

இதனைக் கேட்டவுடன் மோசடி எனக் கூறிவிடுதல் முறையன்று. நிலையான தொகையினால் தொண்டு நிறுவனத்துக்கு ஒரு பயன் உண்டு. விற்பனை 60 வெள்ளியாய்க் குறைந்தாலும் அந்த 5 வெள்ளி வந்துவிடும். முதலீடில்லை, ஆட்களை அனுப்ப வேண்டியதில்லை. நூறு கடைகளில் நூறு பெட்டிகள் இருப்பின் மாதம் 500 வெள்ளி. சிறிய இல்லம் ஒன்றுக்கு அது பேருதவியே. குறை தொகையில் இல்லை. காசிடுபவர் தம் காசு முழுவதும் அறத்துக்குப் போகிறது என எண்ணிக்கொண்டிருக்க, அவ்வெண்ணத்தைத் திருத்த ஒருவரும் முன்வராமையில் இருக்கின்றது. "இப்பெட்டியிலிருந்து மாதம் 5 வெள்ளி இன்ன இல்லத்துக்கு வழங்கப்படும்" என ஒரு வரி எழுதி ஒட்டிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. அந்த ஒரு வரியை எழுதத் தயங்குபவரின் பெட்டிக்குக் கடைக்காரர் இடம் தர வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

பிரிட்டனில் 1992 ஆம் ஆண்டின் அறநிறுவனச் சட்டம் இதனையே வலியுறுத்துகின்றது. அறநிறுவனத்தின் பெயரைச் சொல்லி வாணிகம் செய்பவர் அந்நிறுவனத்துடன் எழுத்து மூலமான உடன்பாடு கொண்டிருத்தல் வேண்டும். அதற்கு எவ்வளவு சேரும் என்பதை வாங்குபவர்க்கு அறிவித்தலும் வேண்டும். சிங்கப்பூரில், நிதி திரட்டுவதற்காகும் செலவு திரட்டப்பெற்ற தொகையில் 100க்கு 30ஐ விஞ்சலாகாது எனும் விதி உண்டு. அங்கே 2005 ஆம் ஆண்டில் தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தின் பணம் செலவிடப்பட்ட விதம் வெளிவந்தபோது, ஆயிரக்கணக்கானோர் தம் மாதாந்தர நன்கொடையை நிறுத்திக்கொண்டனர். அதன் பின்னரே 2007 ஆம் ஆண்டில் அறநிறுவனங்களுக்கான நிர்வாக நெறிமுறைத் தொகுப்பு வந்தது. ஓரிடத்தில் நம்பிக்கை முறிந்தால், அதனோடு தொடர்பே இல்லாத முதியோர் இல்லத்தின் உண்டியலும் இளைத்துப்போகும் என்பதை அந்த ஆண்டு காட்டிற்று.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீடு வீடாகவும் தெருவிலும் நிதி திரட்டுதலை முறைப்படுத்தும் சட்டம் 1947 ஆம் ஆண்டு முதல் இருந்து வருகின்றது. கடைக்குள் வைக்கப்படும் பெட்டி எந்த அனுமதிக்கு உட்பட்டது என்பதை உரிய அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொண்ட பின்னரே இடம் தருதல் கடைக்காரர்க்குப் பாதுகாப்பு.

அடுத்து, சாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருகினால் மிட்டாய் விழும் எளிய பெட்டிகளில் கணக்கு ஏதும் பதிவாவதில்லை. எத்தனை காசு விழுந்தது என்பது சாவி வைத்திருப்பவர் ஒருவர்க்கே தெரியும். விற்பனையில் நூற்றுக்குப் பத்து தருவதாக ஒப்புக்கொண்டவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டியிருக்கும். ஆலயத்து உண்டியல் அவ்வாறு திறக்கப்படுவதில்லை. குழுவினர் சூழ்ந்திருக்க, சாட்சிகள் முன்னிலையில் பூட்டுத் திறந்து, எண்ணி, எழுதி, கையொப்பமிட்டு வைப்பது பக்தர் அனைவரும் அறிந்த வழக்கம். அதே ஒழுங்கினைக் கடைப் பெட்டிக்கும் கேட்பதில் தவறென்ன? மாதம் ஒரு முறை, கடைக்காரர் எதிரில் திறந்து, தொகையைச் சிறு ஏட்டில் குறித்தால் போதும். இருநாடுகளிலும் இப்போது பரவிவிட்ட விரைவுக் குறியீட்டு வழிக் கட்டணம் இதற்குத் துணை செய்யும். ஒவ்வொரு வெள்ளியும் பதிவாகிவிடும். நாணயப் பெட்டிகளுக்கு வேறோர் இடரும் உண்டு. நாணயத்தின் விட்டத்தையும் தடிப்பையும் உலோகத்தையும் கொண்டே இயந்திரம் அதனை அடையாளம் காண்கிறது. மலேசியாவில் 2012 ஆம் ஆண்டிலும் சிங்கப்பூரில் 2013 ஆம் ஆண்டிலும் மூன்றாம் வரிசை நாணயங்கள் வந்தபோது, பழைய நாணயங்களுக்கென அமைந்த பொறிகளைப் புதியவற்றுக்கேற்பத் திருத்த வேண்டியதாயிற்று.

பெட்டிகளை வாங்கித் தொழில் தொடங்க எண்ணும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். "பத்துப் பெட்டி வாங்குங்கள், வீட்டிலிருந்தே வருமானம், கூடவே புண்ணியம்" எனும் விளம்பரங்கள் அமெரிக்காவில் பலரது சேமிப்பைக் கரைத்துள்ளன. அங்குள்ள கூட்டரசு வாணிக ஆணையம் இத்தகைய விற்பனைக்கென 1979 முதல் விதி வகுத்து, 2012 ஆம் ஆண்டில் அதனை மேலும் எளிதாக்கியது. பணம் வாங்குவதற்கு ஏழு நாள் முன்னதாகவே, வருமானம் குறித்த உறுதிமொழி உண்டா, வழக்குகள் ஏதும் உண்டா என்பனவற்றை ஒரு பக்கத்தில் எழுதித் தருதல் வேண்டும். அப்படிப்பட்ட ஒரு பக்கத்தைச் சட்டம் கேட்காத இடத்திலும் வாங்குபவர் கேட்கலாம்.

இவ்வமைப்புக்கு வேறு வடிவங்களும் உள்ளன. 2000 ஆம் ஆண்டளவில் 56 இலட்சம் விற்பனை இயந்திரங்களைக் கொண்டிருந்த ஜப்பானில், ஒரு பானம் விற்றால் இவ்வளவு யென் நன்கொடை என இயந்திரத்தின் மேலேயே அச்சிட்டிருப்பதைக் காணலாம். 2017 ஆம் ஆண்டு அமெரிக்காவின் சால்ட் லேக் நகரில் பிற்காலப் புனிதர்கள் திருச்சபை வைத்த இயந்திரத்தில் பொருள் எதுவும் கைக்கு வருவதில்லை. கோழி, தடுப்பூசி, போர்வை என ஒன்றைத் தேர்ந்து பணம் செலுத்தினால் அது தேவைப்படுவோர்க்குச் செல்லும். இயந்திரச் செலவைத் திருச்சபையே ஏற்பதால் பணம் முழுவதும் அறநிறுவனங்களுக்குச் சேரும். அடுத்த ஆண்டே மணிலாவிலும் அது வைக்கப்பட்டது. அதே 2017 ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில், வீடற்றோர்க்குச் சிறப்பு அட்டை கொடுத்து, நாளொன்றுக்கு மூன்று பொருள் வரை இலவசமாய் வழங்கும் இயந்திரம் நிறுவப்பட்டது. பசித்தவர்க்கு உணவோடு பேச்சுத்துணையும் வேண்டாவோ எனச் சிலர் குறை கூறினர். அன்னதானக் கூடத்தில் பரிமாறிப் பழகியவர்க்கு அக்குறையின் பொருள் எளிதில் விளங்கும்.

பெட்டிக்குள் என்ன விற்பது என்பதும் சிறிய கேள்வியன்று. 2019 ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில், மலேசியாவில் வயது வந்தோருள் 100க்கு 18 பேர் நீரிழிவு உடையோராய்க் காணப்பட்டனர். இந்தியர்களிடையே அவ்விகிதம் மற்ற பெரிய இனங்களை விட மிகுதி. இந்நிலையில் சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நிதி சேர்க்கச் சர்க்கரை மிட்டாயும் இனிப்புப் பானமும் விற்பது எத்தகைய அறம்? நோயை ஒரு கையால் கொடுத்து மருந்தை மறுகையால் நீட்டுவதாகவே அது முடியும். கச்சான், கடலை, குடிநீர், எழுதுகோல், பூசைக்கான கற்பூரம் என விற்கத்தக்க பொருள்கள் வேறு எவ்வளவோ உள.

குளிரூட்டும் இயந்திரமாயின் மின்கட்டணத்தை யார் செலுத்துவது, பிள்ளைகளின் கை சிக்கினால் பொறுப்பு யாருடையது, கண்ணாடி உடைந்தால் யார் மாற்றுவது ஆகியன முதலிலேயே எழுத்தில் வருதல் வேண்டும். முடிவு நாளும் அவ்வாறே. உடன்பாடு முடிந்த பின்னும் ஒட்டுப்படம் பெட்டியின் மேலேயே இருந்துவிடக் கூடும். தொண்டு நிறுவனத்துக்கு ஒரு காசும் போகாமலே அதன் பெயரால் விற்பனை தொடரும். இதற்கு எளிய வழி, ஆண்டெண் அச்சிட்ட ஒட்டுப்படத்தை நிறுவனமே ஒவ்வோர் ஆண்டும் தருவது. பழைய ஆண்டின் படம் தென்பட்டால், படத்திலுள்ள எண்ணுக்குக் கடைக்காரர் தொலைபேசியில் அழைத்துக் கேட்டுவிடலாம். பதில் வரும் வரை பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கலாம்.