மனச்சிதைவும் மூளையும்



மனச்சிதைவு நோயைப் பேயென்றும், தாய் வளர்ப்பின் குறையென்றும் கூறுவாருளர். 1976-இல் இலண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜான்ஸ்டன் அம்மையாரும் டிம் குரோவும் பிறரும் சி.டி. ஸ்கேன் எடுத்து, நெடுநாள் நோயாளரின் மூளையறைகள் ஏனையோரினும் விரிந்திருக்கக் கண்டனர்.

1982-இல் அமெரிக்காவின் டென்வரில் அட்லர், ஃப்ரீட்மன் முதலியோர் தலையில் மின்வாய்கள் பொருத்தி, அரை விநாடி இடைவெளியில் இரு 'டிக்' ஓசைகளைக் கேட்பித்தனர். நலமுடையோர் மூளையில் இரண்டாம் ஓசைக்கு மின்னலை வெகுவாகத் தணிந்தது. நோயாளர்பால் அவ்வளவு தணியவில்லை. எங்கள் இரயில்வே வழக்கில் சொன்னால், கேட் மூடவில்லை! வேண்டாத ஓசையெல்லாம் உட்புகின் எவர்தாம் கலங்கார்?

ஆயினும் இவ்வேறுபாடுகள் நலமுடையார் சிலரிடமும் உண்டு. ஆதலின் ஸ்கேன் ஒன்றைக் கொண்டே இந்நோயெனத் துணிதல் இன்றும் இயலாது. வீட்டாரைக் கேட்டே மருத்துவர் தெளிய வேண்டும். வீட்டாரோ, பெண் கொடுப்போர் அறிந்துவிடுவரே என்று வாய் திறப்பதில்லை.